பம்ப் போச்சு என்று சொல்வதற்கு முன்

வண்டி வழியில் நின்றால் இப்போது பட்டறைகளில் முதலில் கேட்கும் வார்த்தை, "பம்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான். போய்விட்டதா இல்லையா என்று சோதிப்பது இல்லை. சோதிக்காமல் மாற்றுவதை நான் ரிப்பேர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அடுத்தவன் காசில் ஆடும் குலுக்கல் சீட்டு.

என் தங்கை மகன் செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் ஏற்றித் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவன். பெட்ரோலில் ஓடும் பழைய மினி லாரி. இந்த வகை வண்டிகளில் பம்ப் டேங்குக்கு உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கியபடி இருக்கும். ஒரு நாள் விடியற்காலை பாடாலூர் அருகே வண்டி நின்றுவிட்டது. ஒரு பட்டறையில் டேங்கை இறக்கிப் புது பம்ப் போட்டு 9,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அன்றைய சந்தையும் போயிற்று. பதினோராம் நாள், பெரம்பலூர் - அரியலூர் சாலையில் வண்டி மறுபடியும் நின்றது.

"புது பம்ப்பும் போச்சா மாமா?" என்று போனில் அழாத குறையாகக் கேட்டான். "எதையும் கழற்றாதேடா" என்று சொல்லி, சிமெண்ட் லாரிகளிலேயே காலம் கழித்த அரியலூர் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன்.

அவர் முதலில் சாவியைத் திருப்பச் சொல்லி டேங்க் பக்கம் காதைக் கொடுத்தார். நல்ல வண்டியில் ஓரிரு விநாடி 'உய்ங்' என்று சத்தம் வரவேண்டும். வரவில்லை. பியூஸ் பார்த்தார், நன்றாக இருந்தது. அதே வகை ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தார், பயனில்லை. பிறகு டேங்குக்குப் போகும் வயரின் இணைப்பில் மீட்டர் வைத்தார். 12 வோல்ட் காட்டியது. கரண்ட் வருகிறது, பம்ப்தான் போயிற்று என்று மற்றவர்கள் முடிவு கட்டும் இடம் இதுதான். அவரோ மீட்டரை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஹெட்லைட் பல்பைச் செருகினார். பல்பு மினுக்கென்று செத்த வெளிச்சம் காட்டியது. "மீட்டர் ஏமாந்துடும் சார், பல்பு ஏமாறாது" என்றார். பேட்டரி நெகட்டிவிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்து எர்த் கொடுத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

சேஸிஸில் எர்த் வயர் முடுக்கிய இடம் உளுத்துப் போயிருந்தது. சுரண்டி, புது முனை போட்டு, இறுக்கி, கிரீஸ் தடவினார். கூலி 200 ரூபாய். முதல் தடவை டேங்கை இறக்கி ஏற்றியபோது வயர் அசைந்து பத்து நாள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பெருமை புது பம்ப்புக்குப் போய்விட்டது! பழைய பம்ப் எங்கே என்று பட்டறையில் கேட்டோம். காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு ஃபைல் நகரவில்லை என்றால் எந்த மேசையில் நிற்கிறது என்று தேட வேண்டும். அதை விட்டுவிட்டுப் புது ஃபைல் திறந்தால் பழைய கோளாறு அதே மேசையில் உட்கார்ந்திருக்கும். எண்ணெயும் கரண்டும் அப்படித்தான். நம் ஊர்ப் பழைய டீசல் லாரிகளில் டேங்குக்குள் பம்ப்பே கிடையாது, உறிஞ்சு குழாய் மட்டும்தான். ஃபீட் பம்ப் எஞ்சின் பக்கம் இருக்கும். அந்த டிரைவர்கள் வண்டி நின்றால் டேங்க் மூடியைத் திறந்து 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. கொஞ்ச தூரம் ஓடி நின்று, ஆறவிட்டால் மறுபடி ஓடினால், அழுக்கு உறிஞ்சு குழாயில் போய் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். குழாயில் எங்காவது காற்று புகுந்தால் கைப்பம்ப் அடித்து ஏர் எடுப்பார்கள். எந்தப் படிப்பும் இல்லாமல் அவர்களுக்கு வரிசை தெரிந்திருந்தது.

பட்டறைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார். சோதித்ததற்குக் கூலி கேட்டால் தரமாட்டார், பொருளுக்கென்றால் தருவார். பல வண்டிகளுக்கு வடிகட்டி மட்டும் தனியாகக் கிடைக்காது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும். இதற்கெல்லாம்தான் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் 'ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை' என்று குழு அமைத்து, வாகனங்களையும் அதில் சேர்த்து, இணையதளமும் திறந்தது. ஆனால் உரிமை டெல்லியிலிருந்து நடந்து வந்து நம் பட்டறையில் நிற்காது. நாம் வாய் திறந்து கேட்க வேண்டும்.

எனவே கேளுங்கள். பம்ப்பில் பல்பு வைத்துப் பார்த்தீர்களா? பிரஷர் கேஜ் வைத்தீர்களா, எவ்வளவு காட்டியது? கழற்றிய பழைய பொருளைக் கையில் கொடுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சோதித்துப் பார்த்தவருக்குப் பொருள் வாங்காவிட்டாலும் கூலியைக் கொடுத்துவிடுங்கள். டேங்கைத் திறந்தேயாக வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் பீடி, வெல்டிங் கூடாது. மேலே படிந்த சுண்ணாம்புக்கல் தூசியை முதலில் துடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதுவே உள்ளே போய் அடுத்த கோளாறாகும்.

நம் தப்பும் ஒன்று உண்டு. காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சில், எண்ணெய் தீர்ந்து வண்டி நிற்பதற்கு 'பான் ஸெஷ்' என்பார்கள், வறட்டு நிற்பு என்று வைத்துக்கொள்ளலாம். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான். தினமும் நூறு ரூபாய்க்குப் போட்டு ரிசர்விலேயே ஓட்டினால் நல்ல பம்ப்பும் சூடேறிச் சாகும். கால் டேங்காவது இருக்கட்டும் என்று தங்கை மகனிடம் சொல்லியிருக்கிறேன். அதே பிரெஞ்சில் வண்டியைச் சரிசெய்வதற்கும், கஷ்டத்தில் இருப்பவனுக்குக் கைகொடுப்பதற்கும் ஒரே சொல்தான்: 'தெபன்னே'. அந்த 200 ரூபாய்ப் பெரியவர் செய்தது இரண்டும்.