கால்கள் தொங்கலாமா?

பியானோ பயிலும் சிறுமியின் காதில் அதிகமாக விழும் கட்டளை எது என்று கேட்டால், "நிமிர்ந்து உட்கார்!" என்பதே பதிலாக இருக்கும். அவளும் நிமிர்கிறாள். ஐந்து நிமிடத்தில் முதுகு மீண்டும் வளைகிறது. உடனே சோம்பேறி என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. அந்தப் பட்டத்தைச் சூட்டுமுன் ஆசனத்துக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும் என்பது நம் கட்சி. அவளுடைய கால்கள் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தால் குற்றம் முதுகினுடையதன்று.

பியானோவின் கட்டைகள் தரையிலிருந்து ஏறத்தாழ 73 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. எட்டு வயதுச் சிறுமிக்கும் ஆறடி உயரமுள்ள அவள் தகப்பனாருக்கும் அதே உயரந்தான். வாத்தியம் இறங்கி வராது. ஆசனந்தான் ஏறி இறங்க வேண்டும். ஆசனம் தாழ்ந்திருந்தால் முழங்கை கட்டைகளுக்குக் கீழே போய்விடும். அதைச் சரிக்கட்டத் தோள்கள் காதுவரை உயரும், மணிக்கட்டு மடங்கும். சரி என்று ஆசனத்தை உயர்த்தினாலோ, கால்கள் அந்தரத்தில் நிற்கும். கைகள் முன்னே நீளும்போது உடல் சாயாமல் தாங்க உதவுபவை பாதங்கள். அவற்றுக்குப் பிடிமானம் இல்லையென்றால் அந்த வேலை முழுவதும் இடுப்பின் மேலும் முதுகின் மேலும் விழுகிறது. பிஞ்சு முதுகு எவ்வளவு நேரந்தான் தாங்கும்?

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த செய்தியன்று. பியானோவுக்கு மூத்த வாத்தியமான ஹார்ப்சிகார்டைப் பற்றி 1716ஆம் ஆண்டில் நூல் எழுதிய பிரெஞ்சு இசைமேதை பிரான்சுவா கூப்பரன், முழங்கையும் மணிக்கட்டும் விரல்களும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு நாற்காலியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். சிறுவர் பாதங்களுக்கு அடியில் ஏதேனும் வைத்து, அவர்கள் வளர வளர அதன் உயரத்தை மாற்றவும் சொல்கிறார். பீத்தோவனின் மாணவரும் லிஸ்ட்டின் ஆசிரியருமான கார்ல் செர்னி, ஓர் இளம் பெண்ணுக்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு பியானோ நூல் எழுதினார். கால் எட்டாவிட்டால் தக்க உயரத்தில் பாதப்பலகை ஒன்று செய்துகொள்ள வேண்டும் என்று அவரும் அந்தப் பெண்ணுக்கு அறிவுரை கூறுகிறார். செர்னியின் விரல் பயிற்சிகளை மாணவியர் இன்றும் கண்ணீரும் கம்பலையுமாக வாசிக்கிறார்கள். அவருடைய பாதப்பலகையை நினைப்பார்தான் இல்லை!

"கிளென் கூல்டு மிகத் தாழ்வாக அமர்ந்துதானே உலகப் புகழ் பெற்றார்?" என்று பெரிய வகுப்பு மாணவியர் கேட்கக்கூடும். உண்மைதான். கனடா நாட்டவரான அவருடைய நாற்காலியின் உயரம் 14 அங்குலம். சாதாரணப் பியானோ பெஞ்சு 19, 20 அங்குலம் இருக்கும். 1953இல் அவருடைய தகப்பனார் ஒரு மடக்கு நாற்காலியின் கால்களை அறுத்துக் குட்டையாக்கி, ஒவ்வொரு காலையும் தனித்தனியே ஏற்றி இறக்கத் திருகு வைத்துக் கொடுத்தார். கச்சேரிக்குப் போகும் ஊரெல்லாம் அதுவும் கூடவே போயிற்று. இருக்கை நைந்து வெறும் சட்டம் மிஞ்சிய பின்பும், 1982இல் இறக்கும்வரை கூல்டு அதை விடவில்லை. அதன் கிறீச்சொலி அவருடைய இசைத்தட்டுகளிலும் கேட்கிறது. அந்தத் தாழ்ந்த உயரத்தை நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டியதில்லை. நம்மைக் கவர்கிறவர் அந்தத் தகப்பனார்தான். மகனை நாற்காலிக்கேற்ப வளைக்காமல், நாற்காலியை மகனுக்கேற்ப அறுத்தார் அல்லவா? ருமேனிய நாட்டு ராடு லூப்பு பெஞ்சை விலக்கி, முதுகுச் சாய்வுள்ள சாதாரண நாற்காலியிலேயே அமர்ந்து வாசித்தார். மேதைகளுக்கு உள்ள இந்தச் சலுகை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாத்தியத்துக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலியை அதன் முன் இழுத்துப் போடுவது பல வீடுகளில் வழக்கம். உயரம் போதாவிட்டால் ஒரு தலையணை. தலையணை அமுங்கும், நழுவும். கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் நாற்காலியோ முழங்கையை இடிக்கும். இருபுறமும் திருகுள்ள பெஞ்சு சிறந்தது. அதற்கு வசதியில்லையென்றால் ஆடாத மர ஸ்டூல் ஒன்றும், தச்சரிடம் சொல்லிச் செய்த பலகை ஒன்றும் போதும். பலகை வைத்தால் பெடல் எட்டாதே என்பார்கள். தொடக்கப் பாடங்களுக்குப் பெடல் தேவையில்லை. தேவைப்படும் காலத்தில் பெடலை உயர்த்தித் தரும் சாதனங்கள் கிடைக்கின்றன. ஆண்டுதோறும் பாவாடையின் டக்கைப் பிரித்து நீளமாக்கும் தாய்மாருக்கு, பலகையை எப்போது மாற்றுவது என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

பள்ளியில் சிக்கல் வேறு. ஒரே ஆசனத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பலர் அமர்கிறார்கள். பத்தாம் வகுப்பு அக்கா எழுந்து போன உயரத்திலேயே மூன்றாம் வகுப்புத் தங்கை ஏறி உட்காருகிறாள். திருகைத் தொட அவளுக்குப் பயம். சிஸ்டரின் நேரம் வீணாகுமே என்ற கூச்சம். அந்த ஒரு நிமிடமும் பாடத்தில் சேர்ந்ததே என்று அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். பெஞ்சின் முன்பாதியில் அமர்ந்து, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, பிறகு முழங்கையை மடக்கினால் முன்கை கட்டைகளின் மட்டத்துக்கு வருகிறதா என்று அவளே பார்த்துத் திருகிக்கொள்ளட்டும். தேர்வு அறையில் அவள் அறியாத வேறோர் ஆசனம் இருக்கும். அதைச் சரிசெய்யும்வரை தேர்வாளர் பொறுத்துக்கொள்வார். ஆனால் பள்ளியில் ஒருநாளும் திருகைத் தொட்டுப் பழகாத பிள்ளை, தனக்கு முன் வாசித்துப் போனவரின் உயரத்திலேயே அமர்ந்து, கால்கள் தொங்க, முதல் ஸ்கேலைத் தொடங்கிவிடுகிறாள்.