திருவோடும் பொற்காசும்

பொருளைத் துறந்தவர் என்று உலகம் எவரை நம்புகிறதோ, அவர் திருவடியிலேயே உலகம் தன் பொருளைக் கொண்டுபோய்க் குவிக்கிறது. இம்முரண் எச்சமயத்திற்கும் புதியதன்று. கொடுப்பவர் புண்ணியம் தேடிக் கொடுக்கிறார். வாங்குபவர் வேண்டாம் என்னும் நோன்பு பூண்டவர். நடுவே நிற்கும் பொருளுக்கு உரியவர் யார், கணக்குக் கேட்பவர் யார் என்னும் வினா எழும்போதுதான் துறவின் உண்மையான சோதனை தொடங்குகிறது. பௌத்தச் சங்கத்தின் நெடிய வரலாற்றிலிருந்து இச்சோதனையை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம். பிறர் இல்லத்துக் குறையை எடுத்துரைத்து மகிழ்வது நம் கருத்தன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்ட சமயம் அது என்பதே நம்மை அதன்பால் ஈர்க்கிறது.

முதலில் அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு. 2012 ஏப்ரல் மாதம் தென்கொரியாவின் பேக்யாங்சா விகாரைக்கு அருகே, ஏரிக்கரையில் அமைந்த உல்லாச விடுதி ஒன்றில் பிக்குகள் எண்மர் கூடிச் சீட்டாடினர். மூத்த துறவி ஒருவரின் நினைவு வழிபாட்டை முன்னிட்டு வந்தவர்கள் அவர்கள். மதுவும் புகையும் உடனிருந்தன. ஆட்டம் 13 மணி நேரம் நீண்டது. மறைவாக வைக்கப்பட்ட ஒளிப்பதிவுக் கருவி அனைத்தையும் பதிந்துகொண்டது. ஆட்டத்தில் வைக்கப்பட்ட தொகை 100 கோடி வோனுக்கும் மேல் என்று அதனை வெளிப்படுத்திய பிக்கு கூறினார். புத்தர் பிறந்தநாள் விழாவுக்குச் சில நாள்களே இருந்த வேளையில் அக்காட்சிகள் நாடு முழுவதும் பரவின. கொரியாவின் மிகப் பெரிய பௌத்த அமைப்பாகிய ஜோகியே சங்கத்தின் தலைமை நிருவாகிகள் அறுவர் பதவி விலக முன்வந்தனர். சங்கத் தலைவர் மக்களிடம் மன்னிப்பு வேண்டினார்.

இரண்டாவது நிகழ்ச்சி 2025 மே மாதத்தில் தாய்லாந்தில் நடந்தது. நக்கோன் பத்தோம் மாகாணத்துப் புகழ்மிக்க வாட் ராய் கிங் விகாரையின் தலைமைப் பிக்கு கைது செய்யப்பட்டார். விகாரைக்குரிய 30 கோடி பாத்துக்கும் மேற்பட்ட தொகையைத் தம் கணக்கிற்கு மாற்றினார் என்பதும், அப்பணம் இணையவழிச் சூதாட்ட வலையமைப்பு ஒன்றிற்குச் சென்றது என்பதும் அவர்மீது காவல்துறை சாட்டிய குற்றங்கள். அவர் சீவர ஆடையைக் களைந்தார்.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் இருவகைக் குரல் எழக் காண்கிறோம். "துறவே வேடம்" என்பது ஒன்று. "அவரும் மனிதர்தாமே" என்பது மற்றொன்று. முன்னது எல்லாத் துறவியரையும் ஒரு தட்டில் வைத்து எடைபோடுகிறது. பின்னது குற்றத்தை மன்னித்து உறங்கச் செய்கிறது. இரண்டுமே சீட்டு மேசையை மட்டும் பார்க்கின்றன. அம்மேசைமீது பணம் எவ்வழியே வந்தது என்பதை இரண்டும் கேட்கவில்லை. பௌத்த விநயம் அதனையே முதலிற் கேட்டது.

பிக்குகள் பொன்னையும் வெள்ளியையும் ஏற்கலாகாது என்னும் விதி பிறந்த கதையை விநய பிடகம் கூறுகிறது. இராசகிருக நகரில் உபநந்தர் என்னும் பிக்குவுக்கு ஓர் இல்லத்தார் நாள்தோறும் உணவு அளித்து வந்தனர். ஒருநாள் மாலை அவ்வீட்டுக்கு இறைச்சி கிடைத்தது. அவருக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தனர். விடியற்காலையில் குழந்தை இறைச்சி கேட்டு அழுதது. அப்பங்கைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டனர். வந்த பிக்குவிடம் இல்லத்தலைவர் நடந்ததைச் சொல்லி, ஒரு காசுக்கு வேறு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டார். பிக்கு அக்காசையே கேட்டு வாங்கிக்கொண்டார். "நாங்கள் காசு வாங்குவது போலவே இவர்களும் வாங்குகின்றனரே" என இல்லத்தலைவர் மனம் நொந்தார். அவ்வருத்தமே விதியாயிற்று.

இக்கதையில் கொள்ளையில்லை, களவில்லை. மனமுவந்து கொடுக்க முன்வந்த ஒற்றைக் காசுதான் உண்டு. ஆயினும் உணவு காசாக மாறிய அக்கணத்தில் ஒரு வேலி சரிந்தது. உணவு உண்டபின் தீர்ந்துவிடும்; காசு தீராது. அது சேரும், மறையும், ஒருநாள் பந்தயப் பொருளாகவும் ஆகும்.

விதியை மீறிப் பெற்ற காசை என்செய்வது? பெற்றவர் அதனைச் சங்கத்தின் நடுவே ஒப்படைக்க வேண்டும். அதனைக் கொண்டு இல்லறத்தார் எவரேனும் நெய்யோ எண்ணெயோ வாங்கித் தந்தால் ஏனைய பிக்குகள் பயன்படுத்தலாம்; தவறிழைத்தவர் மட்டும் தொடலாகாது. வாங்கித்தர எவரும் இல்லையெனில், விருப்பு வெறுப்பற்ற பிக்கு ஒருவரை நியமித்து, விழும் இடத்தை மனத்திற் குறித்துக்கொள்ளாமல் அதனை எறிந்துவிடச் செய்ய வேண்டும். மனித மனத்தின் இயல்பை எத்துணை நுட்பமாக அறிந்தவர் வகுத்த விதி இது என்று நாம் வியக்கிறோம். எறிந்த கைக்கும் இடம் நினைவிருந்தால் கால் அங்கே திரும்பும் அன்றோ?

புத்தர் மறைந்து ஏறத்தாழ நூறாண்டுகளில் இவ்விதிக்கே சோதனை வந்தது. வைசாலி நகரத்துப் பிக்குகள் உபோசத நாளில் வெண்கலப் பாத்திரத்தில் நீர் நிரப்பி நடுவே வைத்து, சங்கத்திற்குக் காசிடுமாறு மக்களை வேண்டினர். யசர் என்னும் பிக்கு, "கொடுக்காதீர், இது சங்கத்திற்கு ஆகாது" என்று மக்களைத் தடுத்தார். ஆயினும் காசு விழுந்தது. இரவு கழிந்தபின் அதனைப் பங்கிட்ட பிக்குகள் யசருக்கும் ஒரு பங்கை நீட்டினர். அவர் மறுத்தார். மறுத்தமைக்காக, மக்களிடம் சென்று மன்னிப்புக் கேட்குமாறு அவரையே பணித்தனர். அவர் சென்றார், மன்னிப்புக் கேட்பதற்கு மாறாக உண்மையை விளக்கினார். முகிலும் பனியும் புகைதூசியும் கிரகணமும் கதிரையும் மதியையும் மறைப்பது போல, மதுவும் காமமும் பொன்வெள்ளியும் தகாத பிழைப்பும் துறவியின் ஒளியை மறைக்கும் என்னும் உவமையை எடுத்துரைத்தார். மக்கள் அவர் பக்கம் நின்றனர். இவ்வழக்கை உள்ளிட்ட பத்துப் பொருள்களை ஆராயவே எழுநூறு பிக்குகள் கூடினர் என்பது வரலாறு. அப்பத்தும் தவறென்றே அவை தீர்ப்பளித்தது.

சூதைப் பற்றியும் பௌத்த நூல்கள் தெளிவாகவே பேசுகின்றன. பிரமஜால சூத்திரம் எண்கட்டப் பலகையாட்டம் முதல் தாயம் வரை துறவி விலக்கவேண்டிய ஆட்டங்களைப் பட்டியலிடுகிறது. சிகாலனுக்கு உரைத்த சூத்திரமோ இல்லறத்தானுக்கே சூதின் தீங்குகள் ஆறனைச் சொல்கிறது: வென்றவன் பகையைப் பெறுகிறான், தோற்றவன் இழந்ததற்கு அழுகிறான், கைப்பொருள் அழிகிறது, அவையில் அவன் சொல் எடுபடாது, நண்பர் இகழ்வர், பெண் கொடுப்பார் இல்லை. துறவிக்கு வீடில்லை, நிலமில்லை, மணவுறவும் இல்லை. அவனுக்கென்று எஞ்சும் ஒரே செல்வம் அவன் சொல்தான். சூதிலே அவன் வைத்து இழப்பது அச்சொல்லையே.

தமிழ் பயில்வோர்க்கு இங்கே மணிமேகலை நினைவுக்கு வராமற் போகாது. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை முதற் பிச்சையை ஆதிரையின் இல்லத்தில் ஏற்கிறாள். அவ்வாதிரை யார்? கணிகையின்பால் சென்று, சூதிலே செல்வமெல்லாம் தோற்ற சாதுவனின் மனைவி. சூதினால் வறுமை கண்ட இல்லத்தின் கற்புடைய கையிலிருந்தே அள்ளக் குறையாத பாத்திரத்தின் முதற் சோறு பிறந்தது. அப்பாத்திரம் ஏந்தியவளுக்கென எதனையும் சேர்க்கவில்லை, பசித்தவர்க்கே வழங்கியது. வைசாலியின் நீர்ப்பாத்திரமும் புகாரின் அமுதசுரபியும் வெறும் பாத்திரங்களே. உள்ளே விழுந்தது யார் கைக்குப் போயிற்று என்பதே வேறுபாடு.

"இக்காலத்தில் பொருளின்றி எந்த விகாரை நடக்கும்? கூரை வேயவும் மின்கட்டணம் செலுத்தவும் பள்ளி நடத்தவும் பணம் வேண்டாவா?" என்று கேட்பர். நியாயமான வினாவே. விடையும் விநயத்திலேயே உண்டு. மேண்டகன் என்னும் வணிகனின் வேண்டுகோளை ஒட்டி, இல்லறத்தார் ஒருவரிடம் பணத்தை ஒப்படைத்து, பிக்குவுக்குத் தகுந்த பொருளை அவர் வழங்கும் முறை ஏற்கப்பட்டது. பொருளைப் பெறலாம், பொன்னைப் பெறவும் நாடவும் கூடாது என்பது வரையறை. ஓதும் கை வேறு, பணம் எண்ணும் கை வேறு என்று பிரித்ததே அதன் நுட்பம். 2012ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பின் ஜோகியே சங்கம் அறிவித்த சீர்திருத்தத்திலும், நிதி நிருவாகத்தைத் துறவியரிடமிருந்து பிரித்து வல்லுநரிடம் அளிப்பது இடம்பெற்றது. பழைய விதியே புதிய பெயரில் திரும்பி வந்தது எனலாம்.

ஆகவே நம் கருத்து இது. சூதாடிய துறவி குற்றவாளிதான்; அதில் ஐயமில்லை. ஆனால் கணக்குக் கேளாமல் கொடுத்தவர் கையும், கேட்பது பாவம் என்றஞ்சி வாய்மூடி நின்ற ஊரும் அவர் அருகே அமர்ந்து சீட்டுப் பிரித்துக் கொடுத்தவையே. இராசகிருகத்து இல்லத்தலைவர் மனம் நொந்து வாய் திறந்தார்; விதி பிறந்தது. வைசாலி மக்கள் யசர் சொல்லைச் செவிமடுத்தனர், சங்கம் பிழைத்தது. இரண்டு இடத்திலும் துறவைக் காத்தவர் இல்லறத்தார்.

அறப்பொருளை ஆளும் பெரியோர் எச்சமயத்தினராயினும், எந்நிலையத்தினராயினும், இதனைத் தமக்குரிய பாடமாகக் கொள்ளலாம். நம் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம்: நாளை நீங்கள் கொடுக்கும் நிலைக்கு உயர்வீர்கள். அப்போது மனமுவந்து கொடுங்கள். கொடுத்தபின் கணக்கையும் கேளுங்கள். கணக்குக் கேட்பது ஐயத்தின் அடையாளம் அன்று. துறந்தவரின் துறவைக் காத்துத்தரும் இரண்டாவது கொடை அது.