பிழைத்தவனைக் காட்டும் வைத்தியம்

உன்னிச்சைக் குளத்து நீரில் வெள்ளாமை செய்கிற வட்டைகளில் பாம்புக்கடி ஒரு புதினமல்ல. வரம்பில் கால் வைத்தவனைப் புடையன் கொத்தும். வாடியில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவனைக் கட்டுவிரியன் கடிக்கும். கடித்ததே தெரியாமல் அவன் விடியும்வரை கிடப்பான். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வாவி கடந்து போகவேண்டும். வாகனம் வருவதற்குள் ஒருவர் சொல்லிவிடுவார்: "ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனா ஊசியப் போட்டே கொன்டுருவாங்க. விசகடி பாக்கிறவர்ட்டப் போன ஆக்கள்ள ஆரு செத்த?"

இந்தக் கேள்வியைத்தான் பலர் அனுபவ அறிவு என்கிறார்கள். நான் அப்படி ஒப்புக்கொள்ளத் தயாரில்லை. செத்தவனை எண்ணாமல் பிழைத்தவனை மட்டும் எண்ணுவது அரைக் கணக்கு. முழுக் கணக்கு வேறு கதை சொல்கிறது.

2012–13இல் இலங்கை முழுவதும் 44,000க்கு மேற்பட்ட வீடுகளில், 165,000க்கு மேற்பட்டவர்களைப் பற்றி விசாரித்துப் பாம்புக்கடிக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. வைத்தியசாலைப் பதிவேட்டோடு நின்றுவிடாமல் வீட்டு வாசலில் போய்க் கேட்டதே அதன் பலம். பரியாரியோடு நின்றுவிட்டவர்களும் அதில் அகப்பட்டார்கள். அதிலிருந்து வந்த மதிப்பீடு: நாடளாவ ஓராண்டில் சுமார் 80,000 கடிகள், நஞ்சேறியவை சுமார் 30,000, இறப்புகள் 460 சொச்சம்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டுக் கடியில் ஐந்தில் நஞ்சே ஏறவில்லை. கடித்தது சாரையாக இருந்திருக்கலாம். நஞ்சுப் பாம்பே கடித்தும் நஞ்சை இறக்காமல் விட்டிருக்கலாம். கடிவாயில் கல்லை ஒட்டினாலும், வேப்பிலை அடித்தாலும், திண்ணையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாலும் அந்த ஐந்து பேரும் எழும்பி வீட்டுக்குப் போவார்கள். இதே விகிதத்தில் 80 பேர் வருகிற வைத்தியருக்கு, மருந்தே இல்லாமல் 50 சாட்சிகள் கிடைத்துவிடும். ஐம்பது பேர் ஊரெல்லாம் பேசினால் எந்தப் புகழ்தான் வளராது?

மீதி முப்பது பேர்? இங்கேதான் கணக்கு இன்னும் கோணலாகிறது. கண் இமை சரிந்து, நாக்குக் குழறி, முரசில் இரத்தம் கசியத் தொடங்கியதும் விசகடி வைத்தியரே, நல்லவராக இருந்தால், "உடனே கொண்டு போங்க" என்பார். பெரியாஸ்பத்திரி வாசலில் போய் இறங்குவது அந்த உடம்புதான், அதுவும் பல மணித்தியாலம் பிந்தி. அங்கே உயிர் போனால் அந்தச் சாவு ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறும். லேசான கடியெல்லாம் ஒரு பக்கம், பாரதூரமான கடியெல்லாம் மறுபக்கம் என்று முதலே பிரித்துவிட்டு, எந்தப் பக்கம் சாவு கூட என்று கேட்பது என்ன நியாயம்?

இதைக் கிராமத்தவரின் அறியாமை என்று நகரத்தார் சிரிக்கவேண்டாம். 2020 டிசம்பரில் கொவிட்டுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட 'தம்மிக்க பாணி'க்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கில் கூடியவர்கள் யார்? அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டியவர் நாட்டின் அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி. அடுத்த மாதமே அவருக்குக் கொவிட் தொற்று உறுதியானது. ஒருவருக்குத் தொற்றியதை வைத்துப் பாணியைத் தள்ளிவிடுவதும் அதே அரைக் கணக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொவிட் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் எதைக் குடித்தும், எதையும் குடிக்காமலும் தேறினார்கள். அப்படியான நோயில் 'குடித்தேன், தேறினேன்' என்பதற்குப் பெறுமதி இல்லை.

பெறுமதியுள்ள கணக்கு எப்படி இருக்கும்? உள்ளூர் உதாரணமே இருக்கிறது. பாம்பு நஞ்சுக்கான எதிர்மருந்து ஊசி ஒவ்வாமையைக் கிளப்பும் என்பது உண்மை. ஊசிக்குப் பயப்படுகிறவர் முழுப் பொய் சொல்லவில்லை. அதைத் தடுக்க அட்ரினலின், புரோமெதசீன், ஹைட்ரோகோர்ட்டிசோன் என்று மருந்துகளை முற்கூட்டியே கொடுக்கும் வழக்கம் வைத்தியர்களிடம் இருந்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வா குழுவினர் பாம்பு கடித்த 1,007 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தார்கள். யாருக்கு எந்த மருந்து, யாருக்கு வெறும் போலி மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டொக்டருக்கும் தெரியாது. சீட்டு ஆள் பார்த்து விழாது. ஆகவே கடும் கடியும் லேசான கடியும் எல்லாப் பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழும்.

2011இல் முடிவு வெளியானது. நாலில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்திருந்தது. அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 வீதம் குறைத்தது. மற்ற இரண்டாலும் பயன் தெரியவில்லை. போதாததற்கு, ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தால் அட்ரினலினின் பயனும் இல்லாமல் போனது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களின் 'கைகண்ட மருந்து' அவர்களுடைய கணக்கிலேயே தோற்றது.

"இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று சொல்கிறார்களே?" என்று மடக்குவார்கள். உண்மைதான். மஞ்சள் அலரி நஞ்சுக்குக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வந்தது: 401 நோயாளிகள், போலி மருந்துப் பக்கம் இறப்பு 8 வீதம், கரிப் பக்கம் 2.5. ஐந்து வருடம் கழித்து, பலவகை நஞ்சருந்திய 4,600க்கு மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது கரி கொடுக்காத பக்கம் 6.8, பல தடவை கொடுத்த பக்கம் 6.3. அந்தளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. முதல் ஆய்வில் இரு பக்கமும் சேர்த்து இறந்தவர்கள் 21 பேர்தான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சில உயிர் அங்குமிங்கும் மாறினாலே வீதம் துள்ளும். ஒரு நஞ்சுக்குச் சரிவருவது எல்லா நஞ்சுக்கும் சரிவராது என்றும் வாதிடலாம், வாதிடுகிறார்கள். திருத்திக்கொள்ள இடமிருப்பதால்தான் திருத்த முடிகிறது. பரியாரியின் 'கைகண்ட மருந்து' என்றைக்காவது தோற்றதாக யாரும் எழுதி வைத்ததுண்டா?

எழுதி வைக்கலாம். பரியாரிமாரைப் பகைக்கவேண்டியதில்லை, ஒரு சீஆர் கொப்பியை வாங்கிக் கொடுங்கள். வந்த நேரம், எந்தப் பாம்பு, நஞ்சின் அறிகுறி இருந்ததா, எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது என்று நிரல்கள் கீறுங்கள். கடைசி நிரல், அனுப்பியபின் இறந்தவர்களுக்கு.