ஸ்டோரும் லயமும்

ஹட்டனிலிருந்து நானுஓயாவரை புகைவண்டியிற் செல்லும் நண்பர்கள் சுரங்கங்களையும் பாலங்களையும் கண்டு பரவசமடைகிறார்கள். "வெள்ளைக்காரன் கட்டினான், நூறாண்டு கடந்தும் அசையவில்லை" என்ற பாராட்டை ஆசிரியர்களின் வாயிலிருந்துங்கூட நாம் கேட்டிருக்கிறோம். மண் சுமந்தவன் யார் என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். வெள்ளைக்காரன் எதைக் கட்டினான், எதைக் கட்டாது விட்டான் என்பதே நம் கேள்வி.

நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். கொழும்புத் துறைமுகத்திலே, சர் ஜோன் கூட் வகுத்த திட்டப்படி 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் நிறைவெய்தியதும் அதே 1885இல்தான். பருவக்காற்றின் அலையைத் தாங்குமாறு கடலுக்குள் கொங்கிறீற்றுப் பாளங்களை அடுக்கினார்கள். மலையில் விளைந்த கோப்பியும், அதன்பின் தேயிலையும் பழுதின்றிக் கப்பலேற வேண்டுமல்லவா?

அந்தத் தேயிலையின் பயணம் தொடங்குமிடம் தோட்டத்து ஸ்டோர். அதைச் சற்று நின்று பாருங்கள். இரும்புத் தூண்கள், இரும்பு உத்தரங்கள், மாடிமேல் மாடி. நாற்புறமும் வரிசை வரிசையாகச் சாளரங்கள். பறித்த கொழுந்து பல மணிநேரம் காற்றில் வாடவேண்டும். ஆகவே மேல்மாடிகள் கொழுந்துக்கு. அரைக்கும் எந்திரங்களின் அதிர்வைத் தாங்கவேண்டும். ஆகவே கீழ்த்தளம் அவற்றுக்கு. மழைநாளில் காற்று ஈரமாயிருந்தால், உலர்த்தும் அடுப்பின் சூட்டை விசிறியால் மேலே ஏற்றவும் வழி செய்திருக்கிறார்கள். இலைக்கு எவ்வளவு கரிசனம்!

அதே சரிவில், அதே முதலாளியின் பணத்தில், லயமும் எழுந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். சாளரம் உண்டா என்று கேட்பதே வீண். அங்கே ஒரு குடும்பம் சமைத்தது, பிள்ளை பெற்றது, நோயாளியைக் கிடத்தியது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோர் இன்று உல்லாச விடுதி; இலைக்கெனக் கட்டிய மாடியில் செல்வர்கள் இனிதே உறங்குகிறார்கள். மனிதனுக்கெனக் கட்டிய காம்பராவிலோ எந்தத் துரையும் ஒரு பெட்டித் தேயிலையை ஓரிரவு வைத்திருக்க மாட்டான், ஈரம் பிடித்துவிடும்!

பொறியியலுக்குச் சரிவின் இயல்பு தெரியாது என்று எவரும் சாதிக்க வேண்டாம். தேயிலைச் செடியின் அடிமண் கரையாதிருக்க மலையெங்கும் கான் வெட்டி வைத்தவர்கள் அவர்கள். அந்தக் கானை வெட்டியவனின் லயத்துக்குப் பின்னாலோ செங்குத்தாக அறுத்துவிட்ட மண்மேடு. தாங்குசுவர் இல்லை, நீர் வடிய வழியும் இல்லை.

2014 அக்டோபர் 29ஆம் நாள், அண்டை மாவட்டமான பதுளையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களைப் புதைத்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, ஆணையிடத்தான் ஆளில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மலைகள் மீண்டும் சரிந்தன. இயற்கையின் சீற்றமாம்! அலையும் இயற்கைதானே? அதற்குச் சுவர் எழுப்ப மட்டும் எப்படி மனம் வந்தது?

ஏழு பேர்ச் நிலத்தில் 550 சதுர அடித் தனிவீடுகள் இந்திய உதவியுடன் எழுந்திருப்பதை நாம் மறுக்கவில்லை, வரவேற்கிறோம். ஆயின் லயத்தில் இன்னமும் காத்திருப்போர் ஏராளம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தை ஏற்ற கம்பெனிகள் ஸ்டோருக்குப் புதிய எந்திரம் வாங்கும்போது, தளம் தாங்குமா என்று பொறியியலாளரைக் கேட்கின்றன. லயத்தின் மேலுள்ள சரிவைப் பற்றியும் அதே பொறியியலாளர் எழுத்தில் கையொப்பமிட வேண்டும். ஆபத்து எனில், அக்குடும்பங்களுக்குப் பாதுகாப்பான நிலத்தைத் தோட்டமே தரவேண்டும். இதைச் சட்டமாக்குங்கள் என்கிறோம்.

பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியல் பயிலும் மாணவர்களே, அடுத்த விடுமுறையில் பாலங்களைப் படம் பிடிக்க மலையேறுவீர்களாயின், அளவுநாடா ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஏதேனும் ஒரு லயத்தின் பின்புறம் சென்று, சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையில் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள்.