கடல் கடந்த மாணவரும் கணக்கில் வராத உழைப்பும்

பிள்ளைக்கு மாணவர் விசா கிடைத்தமைக்காக நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுப்பது இன்று நம் பங்குகளில் வழக்கமாகிவிட்டது. நன்றி கூறுதல் நன்றே. ஆனால் அந்த விசாவுக்காகக் காட்டப்பட்ட வங்கிக் கணக்கு உண்மையானதா, கல்விக் கட்டணத்தின் அடுத்த தவணை எங்கிருந்து வரும் என்று கேட்போர் அரியர். கேட்டால் வரும் விடை ஒன்றே: “போனதும் ஒரு வேலையைப் பார்த்துக்கொள்வான்.” இந்த ஒற்றைத் தொடரில் ஒளிந்திருக்கும் பொய்யைச் சுட்டிக்காட்டுவதே என் நோக்கம்.

உழைத்துக்கொண்டே படிப்பதை நான் குறை கூறவில்லை. நாசரேத்தூர்த் தச்சரை வணங்கும் நமக்கு எந்த உழைப்பும் இழிவாக இயலாது. நற்செய்தி அறிவித்த பவுலடியார் கொரிந்து நகரில் கூடாரத் தொழில் செய்து தம் கையால் உண்டவர். உணவகத்தில் தட்டுக் கழுவும் பட்டதாரி தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் சட்டத்துக்கு உட்பட்ட உழைப்பு வேறு. கணக்கில் வராமல், இருட்டில், கையில் கொடுக்கும் காசுக்காக நடைபெறும் உழைப்பு வேறு. முன்னது மாணவனை நிமிரச் செய்கிறது; பின்னது அவனை மற்றொருவனுக்கு அடிமையாக்குகிறது.

நம் பிள்ளைகள் பலர் நாடும் ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலை 1 முதல் அங்கே மாணவர் விசாவில் இருப்பவர், பாடம் நடைபெறும் காலத்தில் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம் வரை உழைக்கலாம். விடுமுறைக் காலத்தில் இவ்வரம்பு இல்லை. படிப்புத் தொடங்கும் முன் வேலையில் சேரலாகாது. 2025 ஜூலை 1இல் நிர்ணயிக்கப்பட்ட தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். பெருக்கிப் பாருங்கள்: இரண்டு வாரத்துக்கு ஏறத்தாழ 1,198 டாலர், ஒரு வாரமும் ஓயாமல் உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 31,000 டாலர், அதிலும் வரி உண்டு. ஒரு மாணவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் கையிருப்பாகக் காட்ட வேண்டுமென்று 2024 மே மாதத்தில் அந்நாட்டு அரசு நிர்ணயித்த தொகையோ 29,710 டாலர். நிரந்தரமற்ற ஊழியருக்குரிய 25 சதவீதக் கூடுதல் கூலியைச் சேர்த்தாலும் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அது ஈடாகாது. சட்டத்துக்குட்பட்ட வேலை ஒரு மாணவனுக்குச் சோறு போடும், கட்டணம் கட்டாது, ஊரில் வாங்கிய கடனையும் அடைக்காது. இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்காமலே பிள்ளையை விமானம் ஏற்றுகிறோம்.

போட்டுப் பார்த்தவர்களோ, அதைவிட மோசமான ஒன்றைச் செய்கிறார்கள். முகவர் ஒருவர் சில வாரங்களுக்கு வட்டிக்குப் பணம் தந்து வங்கிக் கணக்கை நிரப்புகிறார். விசா வந்ததும் பணம் திரும்பிவிடுகிறது. இதற்குப் பெயர் ஏற்பாடாம்! அது பொய்ச்சான்று, எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம். அப்பொய்யைச் சொல்பவர் பெற்றோர். அதன் தண்டனையைச் சுமப்பவன் பிள்ளை. கையில் ஒன்றுமின்றி இறங்குபவன் இரண்டாம் மாதமே 48 மணி வரம்பைத் தாண்டுகிறான். தாண்டிய அந்நாளிலேயே அவன் குரல் பறிபோகிறது.

எவ்வாறு என்பதற்கு 2015ஆம் ஆண்டு சான்று பகர்கிறது. செவன் லெவன் என்னும் கடைத்தொடரின் ஆஸ்திரேலியக் கிளைகளில் அயல்நாட்டு மாணவர்கள் ஏமாற்றப்பட்ட கதையை அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நாட்டுச் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். நாற்பது மணி உழைத்தவன் இருபது மணி மட்டுமே உழைத்ததாக ஏட்டில் பதிவு. பாதி உழைப்புக்கு மட்டுமே கூலி. அக்காலத்து வரம்பு இரண்டு வாரத்துக்கு 40 மணி என்பதால் ஏடு குற்றமற்றதாகத் தோன்றும். எதிர்த்துக் கேட்டவனுக்குக் கிடைத்த மறுமொழி: “நீ வரம்பை மீறியவன், குடியேற்றத் துறைக்குச் சொல்லிவிடுவேன்.” பின்னர் அந்நிறுவனம் பதினைந்து கோடி டாலருக்கும் மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. மாணவனின் சிறு மீறலே முதலாளியின் கையில் சாட்டையாயிற்று என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கூலியாளை வஞ்சிப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று நம் மறைக்கல்வி கற்பிக்கிறது. கதிரவன் மறையுமுன் கூலியைக் கொடு, அவன் உன் இனத்தவனாயினும் அந்நியனாயினும் சரி என்பது இணைச்சட்ட நூலின் நெறி. இந்தப் பாவத்தைச் செய்பவர் நம் மொழி பேசுபவராகவும், ஞாயிறுதோறும் நற்கருணை வாங்குபவராகவும் இருந்தால் குற்றம் குறைந்துவிடாது, கூடும். “நம்ம ஊர்ப் பையன்” என்று தோளில் கைபோட்டு அரைக் கூலி கொடுப்பவரிடம் கோவில் நன்கொடை வாங்குவதற்கு நாம் கூச வேண்டும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். “அந்த அரசே தன் வசதிக்கேற்பச் சட்டத்தை வளைக்கிறதே! 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் நடுவே, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத மாணவர்கள் ஊர் திரும்பட்டும் என்றார் அந்நாட்டுப் பிரதமர். ஆள் பற்றாக்குறை வந்ததும், 2022 ஜனவரியில், வரம்பையே நீக்கி வாருங்கள் என்று அழைத்தார்கள். 2023இல் மீண்டும் வரம்பு. இத்தகைய சட்டம் மனச்சான்றைக் கட்டுப்படுத்துமா?” தடையில் உண்மை உண்டு. அயல்நாட்டு மாணவரை வருவாய் இனமாகவும் கைகால்களாகவும் மட்டுமே காணும் அரசுக்கு நான் வழக்குரைஞன் அல்லேன். ஆயினும் நீதியான மனிதச் சட்டம் மனச்சான்றைக் கட்டுப்படுத்தும் என்பது தூய அக்குவினாசின் போதனை. படிக்க வந்தவனுக்குப் படிக்க நேரம் ஒதுக்கும் வரம்பு, அதை வகுத்தவர் நோக்கம் எதுவாயினும், தன்னளவில் அநீதியன்று. ஓய்வுநாள் கட்டளையும் உழைப்புக்கு இட்ட எல்லைதானே? இரவெல்லாம் நின்று உழைத்துக் காலையில் வகுப்பில் உறங்குபவன் எதைக் கற்கப் போனான்?

சட்டத்துக்குள் நிற்பவனுக்கு அதே சட்டம் இன்று கேடயமாகவும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், விசாவைக் காட்டி அச்சுறுத்தி ஒருவரை அதன் நிபந்தனைகளை மீறி உழைக்கவைப்பது ஆஸ்திரேலியாவில் குற்றம். 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பதும் குற்றம். வரம்பை மீறியவருக்கும் உரிய கூலி உண்டு என்பதை 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தெளிவாக்கியது. ஆகவே ஏற்கெனவே சிக்கிக்கொண்ட பிள்ளையும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஃபேர் ஒர்க் ஒம்புட்ஸ்மன் என்னும் அரசு அலுவலகத்தை அவன் அணுகலாம். கூலிச் சீட்டைக் கேட்டு வாங்கி, உழைத்த மணிகளைத் தானே குறித்து வைத்தல் முதற்கடன்.

எனவே பெற்றோரிடம் சில கேள்விகள். முதலாண்டுக் கட்டணமும் செலவும் உண்மையாகவே உங்கள் கையில் உள்ளனவா? இல்லையெனில் ஓராண்டு பொறுத்தால் என்ன? இங்கேயே படித்தால் என்ன? ஞாயிறு மாலை தொலைபேசியில் “எவ்வளவு அனுப்பினாய்?” என்று கேட்கும் நீங்கள், “எத்தனை மணி உழைத்தாய்? தூங்கினாயா?” என்று என்றேனும் கேட்டதுண்டா? அன்பியக் கூட்டங்களில் விசா கிடைத்தவரை வாழ்த்துவதோடு, இக்கணக்கையும் வெளிப்படையாகப் பேசுவோம். அங்கு சென்று மீண்டவர் உண்மையைச் சொல்லட்டும். சொல்பவரைத் தோற்றவர் என்று எள்ளாதிருப்போம்.

1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தார். 2025இல் அப்பெயரையே மற்றொரு திருத்தந்தை ஏற்றுள்ளார். அக்குரல் ஆலைத் தொழிலாளருக்கு மட்டும் உரியதன்று. நள்ளிரவில் அயல்நாட்டுக் கடையொன்றில் தனியே நிற்கும் நம் பிள்ளைக்கும் உரியது. அவனைப் பொய்யோடு அனுப்பாதிருப்போம். உண்மையோடு சென்றவன் தன் கூலியை நிமிர்ந்து நின்று கேட்பான்.