விலையைக் கேட்டால் தவணையைச் சொல்கிறார்கள்

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று ஒரு கார் இருக்கிறது. இரண்டே இருக்கை, பின்னால் தள்ளி மடக்கிவிடும் துணிக்கூரை, கையால் போடுகிற கியர். 1989இல் சிக்காகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். 2016இல் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்தது. ஊர் உலகத்தில் இத்தனை பேர் வாங்கி ஓட்டிய ஒன்றை நானும் ஓட்ட ஆசைப்பட்டால் அது என்ன குற்றமா? சிங்கப்பூரில் கிட்டத்தட்ட அப்படித்தான் நடத்துகிறார்கள்.

ஆசையில் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்குப் பதில் வைத்திருக்கிறேன். விரைவுச்சாலையிலேயே 90 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாத ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்பவர்களுக்கும் பதில் உண்டு: இது வேகத்துக்கான கார் இல்லை, வளைவுக்கான கார். எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. இதற்குக் காசை எப்படிக் கொடுப்பது?

கணக்குக்காக, கப்பலைவிட்டு இறங்கும்போது வண்டியின் மதிப்பு 30,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் சுங்கவரி 20 விழுக்காடு, 6,000. இரண்டையும் கூட்டி 9 விழுக்காடு ஜிஎஸ்டி, 3,240. பிறகு ஏஆர்எஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணம்: முதல் 20,000க்கு நூற்றுக்கு நூறு, அடுத்த 20,000க்கு நூற்றுக்கு நூற்று நாற்பது. ஆக 34,000. வண்டியைவிட வண்டியைப் பதிவு செய்வது விலை கூடுதல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்ன புண்ணியவான் கார்க் கடைகள் வரிசைகட்டி நிற்கும் லெங் கீ ரோட்டுப் பக்கம் வந்திருக்கவேண்டும்.

இதற்குமேல்தான் சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ். 1990இல் ஆரம்பித்த ஏற்பாடு. மாதத்துக்கு இரண்டு முறை ஏலம், எடுத்தால் பத்து வருடத்துக்கு வண்டி வைத்துக்கொள்ள அனுமதி. 1,998 சிசி இஞ்சின் என்பதால் என் ஆசை 'பி' பிரிவில் விழுகிறது. 2023 அக்டோபரில் அந்தப் பிரிவு 150,001 வெள்ளிக்குப் போனது. அந்தக் கடைசி ஒரு வெள்ளியைக் கவனியுங்கள். தோற்றுப்போன கேள்விகளிலேயே உயர்ந்ததோடு ஒரு வெள்ளி சேர்த்துத்தான் விலை நிற்கும். ஒன்றரை லட்சம் கேட்டவருக்கும் அன்றைக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஏலம் கொஞ்சம் இரக்கப்பட்டு 110,000இல் நிற்பதாக வைத்தாலும், விற்பவரின் லாபத்தைச் சேர்த்தால் 200,000 ஆகிவிடும்.

இதுவரைக்கும் எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. தீவு சிறிது, சாலைக்கு இடமில்லை, 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளரவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் என் தலையில் வைப்பதை வெளிச்சம் போட்டுத்தான் வைக்கிறது. விகிதம், கட்டணம், ஏல முடிவு எல்லாம் யாரும் பார்க்கலாம். என் ஆதங்கம் அதற்கப்புறம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளிடமிருந்து தொடங்குகிறது.

விற்பனையாளர் நம்ம ஊர்த் தம்பி. நல்ல பையன், டீ வாங்கிக் கொடுத்தான்.

"தம்பி, எல்லாம் சேத்து மொத்தம் எவ்வளவு ஆகும்?"

"அண்ணே, மாசம் எவ்வளவு கட்டினா உங்களுக்குச் சிரமம் இருக்காது?"

"அதைப் பிறகு பாப்போம். மொத்த விலை சொல்லு."

"மொத்தத்தைப் பாத்தா யாரும் வாங்க முடியாதுண்ணே. மாசக் கணக்குல பாருங்க." சொல்லிவிட்டு டேப்லெட்டை என் பக்கம் திருப்பினான். நடுவில் கொட்டை எழுத்தில் 1,679. கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படிப்பதற்குள் அது அணைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நானே கணக்குப் போட்டேன். கப்பலைவிட்டு இறங்கும்போதுள்ள மதிப்பு 20,000ஐத் தாண்டிய வண்டிக்கு விலையில் 60 விழுக்காடுதான் கடன் தரலாம், அதிகபட்சம் ஏழு வருடம். இது 2016இலிருந்து நாணய ஆணையத்தின் விதி. ஆக 80,000 வெள்ளி ரொக்கமாக எடுத்து வைக்கவேண்டும். மத்திய சேமநிதியைத் தொட முடியாது. மீதி 120,000 கடன். வட்டி வெறும் இரண்டரை விழுக்காடுதான் என்று தம்பி சொன்னான். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் நான் அசலைக் குறைத்துக்கொண்டே வருவேன், அவர்கள் ஏழாவது வருடத்திலும் முழு 120,000க்கு வட்டி போடுவார்கள். மொத்த வட்டி 21,000. குறைந்துவரும் அசலுக்கு வைத்துப் பார்த்தால் அது இரண்டரை அல்ல, ஏறக்குறைய 4.7 விழுக்காடு. வீட்டுக் கடன் தரும் அதே வங்கி அதற்கு மீதி அசலுக்கு மட்டும் வட்டி கேட்கிறது. கார் என்றால் மட்டும் ஏன் கணக்கு வாத்தியார் மாறிவிடுகிறார்?

சரி, முடிந்தவரை சீக்கிரம் அடைத்துவிடலாம் என்று பார்த்தால் அங்கேயும் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுபத்தெட்டு விதி என்று அதற்குப் பெயர். ஒரு வருடக் கடனின் பன்னிரண்டு மாதங்களை ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை கூட்டினால் 78. ஏழு வருடக் கடன் என்றால் ஒன்றிலிருந்து 84வரை கூட்டவேண்டும், 3,570 வரும். மொத்த வட்டியை 3,570 பங்காக்கினால், அதில் முதல் மாதத்துக்கு 84 பங்கு வட்டி, கடைசி மாதத்துக்கு ஒரு பங்கு. மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு மீதியைக் கொண்டுபோய் வைத்தால், ஏழில் மூன்று பங்கு காலம்தான் ஆகியிருக்கும், வட்டியில் மூன்றில் இரண்டு பங்கு, 14,000க்கு மேல், அவர்கள் பெட்டிக்குள் போயிருக்கும். எனக்குத் தள்ளுபடியாக வரவேண்டிய 6,900 சொச்சத்திலும் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. கடனைத் தாமதமாகக் கட்டினால் அபராதம், நியாயம். முன்னதாகக் கட்டினாலும் அபராதம் என்றால் மனுஷன் என்னதான் செய்வது?

அப்படியானால் கடனே வேண்டாம், பல வருடச் சேமிப்பை வழித்தெடுத்து முழுக்க ரொக்கமாகக் கொடுத்துவிடலாமா? கையில காசு, வாயில தோசை என்று வளர்ந்தவன் நான். அதையும் தம்பியிடம் கேட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. "அண்ணே, நான் சொன்ன விலை நம்மகிட்டயே லோனும் இன்சூரன்சும் எடுத்தாத்தான். ரொக்கம்னா தள்ளுபடி வராது, விலை கொஞ்சம் ஏறும்." முழுப்பணத்தையும் மேசையில் வைக்கிறவனுக்கு விலை அதிகம், கடன் கேட்டு வருகிறவனுக்குக் குறைவு. வண்டி விற்பதில் கிடைப்பதோடு, கடன் பிடித்துக் கொடுப்பதிலும் அவர்களுக்குக் கமிஷன் இருக்கிறது. சிக்கனமாக இருந்து சேர்த்தவனைப் பார்த்து முகம் சுளிக்கிற கடையை வேறு எந்த வியாபாரத்திலும் நான் பார்த்ததில்லை.

பழைய வண்டிக்குப் போகலாம் என்கிறான் நண்பன். சிஓஇ நாலு வருடம் மிச்சமிருக்கும் எம்எக்ஸ்-5 மலிவாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் நாலு வருடம் கழித்து என்ன? நீட்டிக்க வேண்டுமென்றால் கடந்த மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டவேண்டும். அதற்கும் ஒரு கடன். நீட்டித்துவிட்டால் வண்டியைப் பதிவுநீக்கம் செய்யும்போது ஏஆர்எஃப்பிலிருந்து திரும்ப வரக்கூடிய பங்கும் போச்சு. எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஒரு கவுன்ட்டர் இருக்கிறது.

வீட்டில் வேறு கணக்கு. "ஏங்க, பெரிய வீட்டுக்கு மாறணும்னு பேசிட்டிருந்தோமே, அது என்னாச்சு?" என்றாள் மனைவி. வீட்டுக் கடனுக்கு மனுப் போடும்போது மாதக் கடன்கள் எல்லாம் சேர்த்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கார்த் தவணை 1,679 அதில் முதல் ஆளாக உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சாலைவரி வருடத்துக்குச் சுமார் 1,200, காப்புறுதி, துணிக்கூரையை மழைக்குக் காப்பாற்றக் கூரையுள்ள வாகன நிறுத்தம். "டிக்கி எவ்வளவு பெருசு?" என்று அடுத்த கேள்வி. 130 லிட்டர் என்றேன். "தேக்கா மார்க்கெட்டுல ஒரு அரிசி மூட்டையும் காய்கறியும் வாங்கினா, யாரு பஸ்ல வர்றது, நானா மூட்டையா?" இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

இத்தனைக்கும் நான் கேட்பது மலிவான கார் இல்லை. விலை கூடுதல் என்று தெரிந்துதான் ஆசைப்பட்டேன். மூன்று எண்களை ஒரே தாளில், ஒரே அளவு எழுத்தில் எழுதிக் கொடுங்கள் என்கிறேன்: ரொக்கமாகக் கொடுத்தால் இவ்வளவு, ஏழு வருடம் கட்டினால் மொத்தம் இவ்வளவு, மூன்றாம் வருடம் அடைத்தால் இவ்வளவு. மாதக் கணக்கு எனக்குத் தேவையில்லை, 84ஆல் வகுக்க எனக்கே தெரியும். அந்தத் தாளைக் கையெழுத்துப் போட்டு நீட்டுகிற முதல் கடையில், எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வாங்கிவிடப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம். காரணம் கேட்டேன்.

"அப்படி யாரும் எழுதித் தரமாட்டாங்கங்கிற தைரியத்துலதான் சரின்னு சொல்றேன்."