மிளகுத்தண்ணியும் துரைமார் சூப்பும்



லெம்பா பெர்த்தாமிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். மகள் ஹோட்டல் நிர்வாகம் படிக்கிறாளாம். விடுமுறைக்கு வந்தவள் கையோடு கொண்டுவந்த சமையல் பாடத்தாளில் 'மல்லிகட்டானி சூப்' என்று ஒன்று இருந்திருக்கிறது. "பெயரைப் பார்த்தால் இத்தாலிக்காரன் சாப்பாடு மாதிரி தெரிகிறது. உள்ளே பார்த்தால் கறித்தூள் போடச் சொல்கிறார்கள். இது எந்த ஊர் சமையல், ஐயா?" என்று கேட்கிறார்.

நம் ஊர்ச் சமையல்தான், அம்மா. வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் நீங்கள் வைத்துக் கொடுக்கிற மிளகுத்தண்ணியின் பெயர்தான் அது. வெள்ளைக்காரர் நாக்கில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. கொத்துமல்லிக்கும் அந்த 'மல்லி'க்கும் உறவு கிடையாது.

இந்தச் சொல் ஆங்கிலத்தில் ஏறிய வழிதான் வேடிக்கை. யூல், பர்னெல் இருவரும் சேர்ந்து 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி, 1784ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றைச் சான்றாகக் காட்டுகிறது. பாடியவர் ஹைதர் அலியின் படையிடம் சிக்கி, பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஓர் ஆங்கிலக் கடற்படைக்காரர். மிளகுத்தண்ணியும் கஞ்சியும்தான் தங்களுக்குச் சாப்பாடு என்று அதில் புலம்புகிறார். சிறைச்சோறாக ஆங்கிலத்துக்குள் போன பண்டம் பிறகு விருந்து மேசைக்கு வந்தது. மதராஸ் மாகாண அதிகாரிகளுக்கே 'மல்' என்று பட்டப்பெயர் விழுந்தது, மல்லிகட்டானியின் சுருக்கம். பம்பாய்க்காரர்களுக்கு 'டக்' என்று பெயர். வாத்தைவிட ரசம் மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மிளகுத்தண்ணி எப்படிச் சூப் ஆனது? நம் சாப்பாட்டில் சூப்புக்கென்று தனி இடம் கிடையாது. குழம்புச் சோறு முடிந்து மோருக்குப் போகும் முன் இலையில் ஊற்றுவது ரசம். வெள்ளைக்காரருக்கோ முதலில் மேசைக்கு வரவேண்டியது சூப். அது வராமல் சாப்பாடு தொடங்காது. சமையற்காரரிடம் சூப் கேட்டிருப்பார்கள், அவருக்குத் தெரிந்த நீர்த்த பண்டம் ரசம். சோறில்லாமல் கிண்ணத்தில் குடித்தால் ரசம் வெறும் தண்ணீராகத்தானே படும்! அதனால் இறைச்சிச் சாறு சேர்ந்தது, கோழி சேர்ந்தது, கெட்டியாக மாவு சேர்ந்தது. மிஸஸ் பீட்டன் 1861இல் வெளியிட்ட பெயர்பெற்ற இல்லறக் கையேட்டில் கோழி அல்லது முயல், பன்றி இறைச்சித் துண்டுகள், ஆறு வெங்காயம், அரைத்த பாதாம், இரண்டு மேசைக்கரண்டி கறித்தூள் என்று பட்டியல் போகிறது. மிளகுக்கென்று தனியிடம் இல்லை. ஆனால் எலுமிச்சை ஊறுகாயோ மாங்காய்ச் சாறோ கொஞ்சம் விடச் சொல்கிறார். புளி போன இடத்தை நாக்கு தேடியிருக்கிறது. இன்றைய பாடத்தாள்களில் ஆப்பிள் வருகிறதே, அதுவும் அந்தப் புளிப்பின் வாரிசாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இந்தக் கூத்தைக் கண்டு வருத்தப்பட்ட வெள்ளைக்காரரும் உண்டு. கென்னி-ஹெர்பர்ட் என்ற குதிரைப்படை அதிகாரி, 'வைவர்ன்' என்ற புனைபெயரில் மதராஸ் சமையல் குறிப்புகளை எழுதி 1878இல் நூலாக்கினார். முத்துசாமி என்ற சமையற்காரர் மிளகுத்தண்ணி வைக்கும் முறையை அதில் விவரிக்கிறார். புளி, ஆறு மிளகாய், ஆறு பல் பூண்டு, கடுகு, கொஞ்சம் வெந்தயம், பன்னிரண்டு மிளகு, உப்பு, கறிவேப்பிலை. எல்லாவற்றையும் இடித்து விழுதாக்கி, தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை இன்னொரு தரம் படியுங்கள். தக்காளி இல்லை. பருப்புத் தண்ணீர் இல்லை. இன்று தக்காளி இல்லாமல் ரசம் வைக்கிற வீடு எத்தனை? தக்காளி நம் அடுப்புக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. மிளகாயே போர்த்துகீசியர் கப்பலில் வந்து சேர்ந்ததுதான். 'மிளகு'த்தண்ணி என்ற பெயர், காரத்துக்கு மிளகை நம்பியிருந்த நாளை ஞாபகம் வைத்திருக்கிறது. நம் ரசத்தை வெள்ளைக்காரன் கெடுத்துவிட்டான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது. அவன் பெயரை வைத்துக்கொண்டு சாரத்தை மாற்றினான். நாம் சாரத்தையும் மாற்றினோம், 'ரசம்' என்று வடசொல்லைப் பிடித்துப் பெயரையும் மாற்றினோம்.

மலாயாவுக்கு இது இரண்டு வழியாக வந்தது. ஒன்று, தோட்ட வேலைக்குக் கப்பலேறிய நம் சனங்களின் கைப்பக்குவத்தோடு. மற்றொன்று, துரைமாரின் சாப்பாட்டுப் பழக்கத்தோடு. வில்லியம் கேமரன் 1885இல் அளக்க வந்த இந்தக் கேமரன் மலையில், 1929இல் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவில் செடி வைத்துக் கொழுந்து கிள்ள வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் லயத்தில் மிளகு தட்டி ரசம் வைத்துக்கொண்டார்கள். துரைமார் வீட்டுக் குசினியோ, மலாயா எங்கும் பெரும்பாலும் ஹைனானியச் சமையற்காரர்கள் கையில் இருந்தது. மதராஸ் முத்துசாமியின் மிளகுத்தண்ணி ஆங்கிலப் பெயரோடு கப்பலேறி, சீனத் தீவுக்காரர் கைக்கு வந்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறும், முடிவில் குலா மெலாக்கா ஊற்றிய சவ்வரிசியும் துரைமாரின் மலாயா வழக்கம். இந்தியா, மலாயா, சிங்கப்பூர் மூன்றிலும் துரைமார் எதைச் சாப்பிட்டார்கள் என்று செசிலியா லியோங்-சலோபிர் 2011இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். மல்லிகட்டானிக்கு அதில் இடம் உண்டு.

இன்னொரு கிளையும் இருக்கிறது. ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் 'பெப்பர் வாட்டர்' என்றால் சோற்றில் ஊற்றிப் பிசைகிற நம் மிளகுத்தண்ணியேதான். பெயரை மொழிபெயர்த்துக்கொண்டு, சமையலை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர், நாம், இவர்கள் என்ற மூன்று கூட்டத்தில் மிகவும் விசுவாசமானவர்கள் இவர்கள்தான் என்பேன்.

ஜெர்மனியில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு இந்தச் சொல் வேறு வழியில் பழக்கமாகியிருக்கும். 1963இல் பதிவான 'டின்னர் ஃபார் ஒன்' என்ற ஆங்கிலச் சிரிப்பு நாடகத்தை அங்கே ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவில் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். தொண்ணூறு வயதுப் பாட்டியம்மாவுக்குப் பணியாள் கொண்டுவந்து வைக்கும் முதல் பண்டம் மல்லிகட்டானி சூப். புத்தாண்டு வாசலில் ஒரு நாடே நம் ரசத்தின் பெயரைக் கேட்டுச் சிரிக்கிறது.

வாசகியின் மகளுக்கு ஒரு வார்த்தை. தேர்வில் பாடத்தாளில் உள்ளபடியே எழுதம்மா. கறித்தூள், ஆப்பிள், பாலாடை, மேலே ஒரு கரண்டி சோறு என்று இன்று உலகம் அதைத்தான் மல்லிகட்டானி என்று அறிகிறது. ரசத்தை எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழக்க வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்தவர்களைக் கேட்டு, தக்காளி சேராத மிளகுத்தண்ணி வைக்கும் முறையை எழுதி அனுப்புங்கள். இப்போது நாம் தட்டிப் போடும் மிளகு பெரும்பாலும் சரவாக் மிளகுதான். அதற்கேற்ப அளவைக் கூட்டினீர்களா, குறைத்தீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள். மலைக் குளிருக்கென்று தனிப் பக்குவம் இருந்தால் இன்னும் நல்லது. நண்டு ரசம், கோழி எலும்பு ரசம் வைக்கிறவர்களும் தயங்காமல் எழுதலாம். துரைமார் செய்ததை நாமும்தானே செய்கிறோம்!

அன்புடன்,
ஆசிரியர்